பிளக்கைப் பிடுங்கியவள்

பெங்களூர்
14.2.2006

அன்புள்ள ஃபயாஸ்,

நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. போன வருடம் உனக்கு டி-ஷர்ட் அனுப்புவதற்காக நீ கொடுத்த கூடுவாஞ்சேரி முகவரி கையில் இருந்ததால் இந்தக் கடிதம். அக்டோபரிலிருந்து நாலு மெயில் போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

திடீரென்று கரண்ட் போனாலும் டேட்டாபேஸில் பதிந்தது அழியக்கூடாது என்று நம் இலவச மென்பொருளில் சேர்க்க நீ எழுதி அனுப்பிய திருத்தம், அந்த பேட்ச், அப்படியே கிடக்கிறது. நல்ல வேலை. அதனால்தான் எரிச்சலாக வருகிறது. கேட்டது என்ன? நிஜமாகவே கரண்டைத் துண்டித்து எத்தனை முறை சோதித்தாய், ஒரு முறையாவது பதிவு காணாமல் போனதா? அவ்வளவுதான். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லோரும் சொந்த நேரத்தைப் போட்டுச் செய்கிறோம். பதில் சொல்லாதவனுக்காக எத்தனை நாள் காத்திருப்பது?

இந்த மாதக் கடைசிக்குள் நீ வாயைத் திறக்காவிட்டால், வழக்கம்போல "எழுதியவருக்கு ஆர்வமில்லை" என்று போட்டு மூடிவிடுவோம். அந்த நிலைமையை எனக்கு வைக்காதே.

தசரதன்


கூடுவாஞ்சேரி
8.3.2006

தசரதன் தம்பிக்கு, ஃபயாஸின் அம்மா ஜஹீரா எழுதுவது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஃபயாஸ் மவுத்தாகிவிட்டான். நவம்பர் பதினெட்டாம் தேதி. அந்தப் பெரிய மழையில் ஸ்டேஷனிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஒன்பதாம் நாள்தான் எலிக்காய்ச்சல் என்றார்கள். பத்தாம் நாள் பிள்ளை இல்லை. இருபத்து நாலு வயசு.

உங்கள் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. தபால்காரர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் என் வீட்டுக்காரர், அவன் அத்தா, போய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரிக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. தாம்பரத்தில் எங்கள் ஆணி, கம்பிக் கடைக்குப் போகும்போது எடுத்துப் போவார், திரும்பக் கொண்டுவருவார். நேற்று சட்டையைத் துவைக்க எடுத்தபோது நான்தான் பிரித்தேன்.

படித்ததும் எனக்கு ஆற்றமாட்டாமல் வந்தது தம்பி. பதில் சொல்லாதவனா அவன்? சோற்றுத் தட்டு ஆறிப்போகும், உங்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருப்பான். "அவுங்க இன்னாடா உனக்கு மாமனா மச்சானா? ஒரு டீக்குக் காசு குடுத்துருப்பாங்களா?" என்று கத்துவேன். "அவுங்களும் சும்மாதாம்மா செய்றாங்க. நீ சோத்த மூடி வை" என்பான். அவனுக்கா ஆர்வமில்லை?

நீங்கள் சொன்ன தேதி போய்விட்டது. அப்படி எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஃபயாஸின் அம்மா


பெங்களூர்
17.3.2006

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.

எழுதிவிட்டோம் அம்மா. மார்ச் ஒன்றாம் தேதி, என் கையால். அதை அடிக்க முடியாது. எங்கள் மெயிலிங் லிஸ்டில் ஒருமுறை போனது எத்தனையோ ஊர்க் கம்ப்யூட்டர்களில் நகலாகிவிடும். யாரும் எதையும் மறைக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. ஆனால் அதற்குக் கீழே புதிதாக எழுதலாம். ஃபயாஸ் இறந்துவிட்டார் என்று எழுதினேன். ஒரே நாளில் முப்பது பேர் வருத்தம் தெரிவித்தார்கள். இருந்தாலும் பேட்ச் மூடியபடிதான் கிடக்கிறது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தால்தான் திறப்பார்கள். திறந்து சேர்த்துக்கொண்டால் ஜூனில் வரும் புதுப் பதிப்பில் ஃபயாஸ் பெயர் இருக்கும். "ஆர்வமில்லை" என்று நான் எழுதியது பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் கம்ப்யூட்டரில் ஏதாவது குறிப்பு இருக்குமா? அப்படியே அனுப்பினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தசரதன்


கூடுவாஞ்சேரி
29.3.2006

தம்பிக்கு,

கம்ப்யூட்டரைக் கேட்டீர்கள். அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் என் மருமகன் அய்மான், "சும்மா தூசி புடிச்சிகினு கீது மாமி" என்று வண்டலூரில் இருக்கும் அவன் பிரௌசிங் சென்டருக்குத் தூக்கிப் போனான். உங்கள் கடிதம் வந்ததும் ஓடினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறான். "உள்ள ஒண்ணும் இல்ல மாமி. படம் இல்ல, பாட்டு இல்ல, இங்கிலீஷ்ல ஏதோ பொடிப் பொடியா எழுத்துதான் இருந்துச்சு" என்கிறான். அந்தப் பொடி எழுத்துதான்டா என் பிள்ளை என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டேன். அவன் பெண்டாட்டி, என் மகள் ஆஃபியா, அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

ஆனால் நீங்கள் கேட்டது எனக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கியது நான்தான்.

கம்ப்யூட்டர் வயரைச் செருகும் சுவிட்சுப் பெட்டி அடுப்படிச் சுவரில் இருக்கிறது, அவன் உட்காருவது கூடத்தில். எழுந்து எழுந்து வரச் சோம்பல். "ம்மா, இப்பப் புடுங்கு!" என்று குரல் வரும். மீன் அலசுகிற கையைத் துடைத்துக்கொண்டு பிடுங்குவேன். "கெட்டுப்போவும்டா, அத்தா வாங்கிக்குடுத்த பொருளு" என்பேன். "கெட்டுப்போவக் கூடாதுன்னுதாம்மா புடுங்கச் சொல்றேன்" என்பான். திரும்பச் செருகச் சொல்வான், பார்ப்பான், "கீதும்மா, அப்டியே கீது!" என்பான். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போடவேண்டும். அந்தத் தாள் இருக்கிறது. மூன்று தடவை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கோடு.

ஒரு தடவைகூட ஒன்றும் போகவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபயாஸின் அம்மா


பெங்களூர்
3.5.2006

அன்புள்ள அம்மா,

நல்ல செய்தி. நீங்கள் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்து லிஸ்டில் போட்டேன், மீன் அலசிய கை உட்பட. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சோதனை அறிக்கை வந்ததில்லை என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். இரண்டு பேர் அவரவர் வீட்டில் பத்துப் பத்து முறை பிடுங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் போகவில்லை. ஆனால் பத்து எங்கே, இருநூற்றுப் பன்னிரண்டு எங்கே! உங்கள் கோடுகளை நம்பித்தான் போன வாரம் பேட்சைச் சேர்த்தார்கள்.

ஜூன் பதிப்பில் ஃபயாஸ் பெயர் இருக்கும். அச்சடித்து அனுப்புகிறேன். தெற்கே ஒரு ரத்த வங்கிக்காரர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்களாம். அங்கேயும் தினமும் கரண்ட் போகிறது. யாருடைய ரத்தம், எந்த வகை என்று பதிந்தது பாதியில் காணாமல் போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. உங்கள் பிள்ளையால்.

தசரதன்


கூடுவாஞ்சேரி
12.5.2006

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கடைத்தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "என் புள்ள பேரு உலகம் பூரா வரப்போவுது" என்று பக்கத்துக் கடைக்காரருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

தம்பி, இன்னொரு தாள் இருக்கிறது.

ஒருநாள் "இரும்மா, இரும்மா" என்று இழுத்துக்கொண்டே இருந்தான். அடுப்பில் பால் பொங்குகிறது. எனக்குக் கோபம். அவன் சொல்வதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டேன். திரும்பப் போட்டுப் பார்த்தால் கடைசியாக அடித்தது இல்லை. திட்டப்போகிறான் என்று நின்றேன். குதித்தான் தம்பி. "ம்மா, தப்பப் புடிச்சிட்டேம்மா! இவ்ளோ நாளா நான் பாத்து, நேரம் சொல்லிப் புடுங்கச் சொல்லிருக்கேன். கரண்ட் என்னைக் கேட்டுட்டா போவுது?" என்றான். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லமாட்டான். நீயாக எப்போது தோன்றுகிறதோ அப்போது பிடுங்கு என்றுவிட்டான். அந்தத் தாளில் முப்பத்தொரு கோடு. அதில் ஏழு பெருக்கல் குறி. ஏழு தடவையும் கடைசியாக அடித்தது போய்விட்டது.

அதைச் சரிசெய்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் முதல் மெயிலைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

எனக்கு எல்லாம் தெரிந்துதான் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். பெயர் வரவேண்டும் என்று எழுதாமல் விட்டேன். நீங்கள் ரத்த வங்கி என்று எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்கமாட்டேன். உங்கள்மேல்கூட எரிச்சலாக வருகிறது, அதை ஏன் எழுதினீர்கள் என்று.

உங்களுக்கு உதவுமோ என்னவோ, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவன் ஓரத்தில் இருக்கும் அந்தப் பெரிய பொத்தானைத் தட்டியதும் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடிக்கும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். அவன் சொல்லி நான் பிடுங்கும்போது அது அடங்கியிருக்கும். ஏழு தடவையும் துடிக்கும்போது பிடுங்கினேன். துடிக்கும்போது பிடுங்கி ஒன்றும் போகாமலும் இருந்திருக்கிறது, அது எத்தனை என்று நான் குறிக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் துடிக்கும்போது பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்சை எடுத்துவிடுங்கள். பெயரையும் எடுத்துவிடுங்கள். அவன் முடிக்காத வேலை அது, முடித்ததாக நான் சொன்னது பொய். நீங்கள் எழுதியதற்குக் கீழே இதையும் எழுதுங்கள், அவன் அம்மா பொய் சொன்னாள் என்று. என் பெயரைப் போட்டே எழுதுங்கள். அதையும் அழிக்க முடியாதுதானே, இருக்கட்டும்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன். முன்னாலேயே சொன்னால் போடவிடமாட்டார்.

ஜஹீரா