முதல் வள்ளத்துக்கு மோர்

12.03.2003 புதன்

மீசையார், இன்று காற்று இல்லை. கடல் தட்டுப் போல. வெயில் காலை எட்டு மணிக்கே முதுகில்.

வாங்க: உப்பு, விளக்குத் திரி, பச்சை மிளகாய். சவர்க்காரம் மறக்கக் கூடாது.

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம். வீடும் சுவரும் நானும். இன்று ஒரு நல்ல சேதி. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு நயினாதீவு விகாரைக்குத் தெற்கிலிருந்து சிங்களச் சனம் பஸ் பஸ்ஸாக வருகிறதல்லவா. தீவுச் சனமும் நாலு காசு பார்க்கட்டும் என்று மூன்று தீவும் சேர்ந்து ஒரு சங்கம். நெடுந்தீவு தயிர் தரும். நயினாதீவு வள்ளம் ஓட்டும். புங்குடுதீவுப் பெண்கள் நாங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் மோர் கொடுப்போம். பனையோலையில் மடித்த பிளாவில்தான். பிளாஸ்டிக் கோப்பை கடலுக்குள் போகும், கூடாது என்று முடிவு. என் பெயரும் உண்டு. உங்கள் தங்கை பவளம் கொடுத்தவள்.

14 வெள்ளி

முதல் நாள். இஞ்சி, கறிவேப்பிலை, மிளகாய். வந்த சனத்துக்கு உறைப்புக் கூடிவிட்டது. ஒரு கிழவர் கண்ணில் தண்ணீரோடு சிரிப்பு. இனி மிளகாய் பாதி.

பின்னேரம் வள்ளக்காரர் நாகேசு அண்ணை வந்தார். தொப்பி கையில்.

"தங்கச்சி, நீர் குறை நினைக்கக்கூடாது. காலமை முதல் வள்ளம் வெளிக்கிடேக்கை நீர் வெள்ளைச் சீலையோட முன்னுக்கு நிக்கிறீர். புருசனை இழந்த ஆள். முழிவியளம் சரியில்லை, கெட்ட சகுனம் எண்டு பெடியள் பயப்படுறாங்கள்."

"பெடியளோ, நீங்களோ அண்ணை?" பவளம்.

"பின்னுக்கு நிண்டு கலக்கட்டுமன். ஆர் வேண்டாமெண்டது?"

செவ்வாய் பூரணை, சனம் நிறையும் நாள். அன்றும் நான் முன்னால் நின்றால் வள்ளக்காரர் சங்கத்தை விட்டுப் போவார்களாம். அவர்கள் போனால் சங்கம் இல்லை.

சோற்றைப் பூனைக்குப் போட்டேன்.

16 ஞாயிறு

தலையிடி. புள்ளிக்கோழி அடைக்கு இருக்கிறது.

சங்கக் கூட்டம். நெடுந்தீவிலிருந்து தயிர் தரும் அந்தோனியம்மா எழும்பினா. "என்ர மனிசன் செத்துப் பத்து வருசம். என்ர கையால உறைஞ்ச தயிரைத்தான் இந்த நாகேசு வெள்ளிக்கிழமை ரெண்டு பிளா வாங்கிக் குடிச்சவர்."

"அது வேறை," நாகேசு அண்ணை. "பயணம் வேறை, தயிர் வேறை."

எல்லாரும் சிரிப்பு. முடிவு ஒன்றும் இல்லை.

வரும் வழியில் பவளம்: "மச்சாள், அந்த ஊதாச் சீலையை உடுத்துங்கோவன். ஒரு கதையும் வராது." அலுமாரியைத் திறந்தேன். மூடினேன். பயந்து உடுக்க மனமில்லை. ஆசை வருகிற நாளில் உடுப்பேன்.

18 செவ்வாய், பூரணை

விடியவே பஸ்கள். நான் மோர்க் கொட்டிலுக்குப் பின்னால் கலக்கிக்கொண்டு. என்னால் சங்கம் உடையக்கூடாது.

இறங்கின பெண்கள் எல்லாரும் வெள்ளை. கிழவிகள், குமர்கள், கைப்பிள்ளைக்காரி, புருசன் பக்கத்தில் நிற்பவள். விகாரைக்குப் பூரணையில் போவதென்றால் வெள்ளைதான். இத்தனை மாதம் ஏற்றி இறக்கியவர் நாகேசு அண்ணை, யோசிக்கவில்லை போல.

பவளம் சும்மா இருப்பாளா. "அண்ணை, இண்டைக்கு எத்தினை முழிவியளம் ஏத்துறியள்?"

"அவை வேறை ஊர்."

"ஆர் எந்த ஊர் எண்டு கடலுக்குத் தெரியுமோ?"

நாகேசு அண்ணை கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.

சனம் கூடிப் பவளத்துக்கு ஏலாமல் போக நானும் பானையோடு முன்னுக்கு வந்தேன். என் வயதில் ஒரு அம்மா மோரைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்தா. என் வெள்ளையைக் கண்டு, தங்கள் ஆள் ஒருத்தி பிந்திவிட்டாள் என்று நினைப்பு. அவ சொன்னது எனக்கு விளங்கவில்லை, நான் சொன்னது அவவுக்கு விளங்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் வள்ளத்தில் தனக்குப் பக்கத்தில் இருத்திவிட்டா. எழும்பப் பார்த்தேன். நாகேசு அண்ணை என்னைப் பார்த்தார்.

"இரும், இரும். இப்ப எழும்பினா வள்ளம் ஆடும்."

கடல் நல்ல பிள்ளையாகக் கிடந்தது. நயினாதீவில் இறங்கி, ஆண்டுத் திவசம் கழிந்தும் போகாமல் இருந்த அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடும்போது ஒன்றும் கேட்க வரவில்லை. சும்மா நின்றேன், சுகமாக இருந்தது.

திரும்பிக் குறிகட்டுவானில் இறங்கும்போது நாகேசு அண்ணை, "நாளைக்கு எங்கை நிப்பீர்?"

"முன்னுக்கு."

"ம்."

19 புதன்

மிளகாய் இன்னும் குறைக்க. அந்தோனியம்மாவிடம் கூடுதலாகத் தயிர் கேட்க. பிளாவுக்கு ஓலை.

முன்னால் நின்றேன். முதல் வள்ளத்துக்கு முதல் பிளா நாகேசு அண்ணைக்கு. முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கினார். பரவாயில்லை. வள்ளங்கள் போயின, வந்தன. மோர் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு யாழ்ப்பாண பஸ். நீங்கள் ஓட்டிய பஸ்தான், இப்போது ஒரு இளந்தாரி. ஹோர்ன் அடித்துச் சிரித்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்களும் விபூதி பூசி, வாசலில் நிற்கும் ஆளைக் கொண்டு முழிவியளம் பார்த்துத்தான் பஸ் எடுத்தவர். விடியப்புறம் முதல் ஆளாக, இந்தச் சீலையோடு, நான் வந்து கை காட்டியிருந்தால், மீசையார், ஏற்றியிருப்பீர்களா?