கடைசி ரீல் வராத படம்

எழுத்தாளர் மகளே, சௌக்கியமா? வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல கதையில வர்றவங்களுக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முறைக்குது. நான் சொல்லச்சொல்ல எழுதித் தர்றேன்னு உன் அம்மா வந்தா, வேண்டாம்னுட்டேன். அவ எழுதினா நான் சொன்னதுல பாதி காகிதத்துக்கு வராது, தேவையில்லாததுன்னு அவளே தள்ளிடுவா. அதனால எழுத்துக்கூட்டி நானே எழுதுறேன், கொம்பும் காலும் இடம் மாறியிருந்தா நீ சரி பண்ணிப் படிச்சுக்கோ, அதுக்குத்தானே உன்னைப் படிக்க வச்சது.

நீ அனுப்புன அத்தியாயம் வந்துச்சு. உன் அண்ணி முன்னறையில உக்காந்து நல்லா ஏத்த இறக்கத்தோட வாசிச்சா. உன் அத்தை ஜன்னலோரமா தையல் மெஷின்கிட்ட உக்காந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டே கேட்டா. அவ கதைதானே அது, மாமா யுத்தத்துக்குப் போறதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனது. நல்லது, எழுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆத்துப்பாலத்துல குண்டு விழுந்து, எங்களுக்கு உப்பு வரல, மண்ணெண்ணெய் வரல, காய்ச்சலுக்கு மாத்திரை வரல, உன் கதைக்கு மட்டும் அந்த வருஷத்துப் புத்தம்புதுக் கலர் படம் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியிருக்கே, ஆத்தை நீந்தியா வந்துச்சு? கம்ப்யூட்டர்ல தேடி அந்த வருஷத்துப் படத்தையே போட்டிருக்கேன்னு பெருமையா வேற எழுதியிருக்கே. ரொம்ப சந்தோஷம். தலைநகரத்துல என்ன படம் வந்துச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும், நம்ம கொட்டகையில என்ன ஓடுச்சுன்னு அதுக்கு யாரு போய்ச் சொன்னா?

யுத்தம் பூராவும் இங்க ஒரே படம்தான். ஏன்னு கேளு. அப்பல்லாம் ஒரு படப்பெட்டியை ரெண்டு கொட்டகைக்காரங்க சேர்ந்து வாடகைக்கு எடுப்பாங்க. அக்கரைக் கொட்டகையில ஓடி முடிஞ்ச ரீலை ஒருத்தன் சைக்கிள்ல கட்டிக்கிட்டு பாலத்து வழியா இங்க கொண்டுவருவான், அடுத்த ரீலுக்குத் திரும்ப ஓடுவான். ஒரு நாள் கடைசி ரீலை எடுக்க அவன் அக்கரைக்குப் போன நேரத்துலதான் பாலம் போச்சு. அவனும் ரீலும் அந்தப் பக்கம், மிச்சப் படமும் நாங்களும் இந்தப் பக்கம். அவன் சும்மா இருக்கல, அங்கயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். அவன் பையன்தான் இப்ப நம்ம வீட்டுத் தண்ணிக்குழாயை ரிப்பேர் பண்றவன், அவன் வந்துட்டுப் போனா சொட்டுறது ஒழுக ஆரம்பிக்கும், அது கிடக்கட்டும்.

படம் என்னன்னா, ஒரு வக்கீல் குமாஸ்தா மேல கொலைப்பழி விழும். ரெண்டரை மணி நேரம் கோர்ட்டுல கத்துவாங்க. கடைசியில நீதிபதி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டி, தொண்டையைச் செருமி, வாயைத் திறப்பாரு. அவ்வளவுதான், வெள்ளைத்திரை. ஊரே ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போகும். கூட்டம் குறைஞ்சதும் கொட்டகைக்காரன் ரீலை முன்னபின்ன மாத்திப் போட்டு, புதிய காப்பின்னு வாசல்ல எழுதி வச்சான். அந்தக் காப்பியில செத்தவன் இடைவேளைக்கப்புறம் எழுந்து வந்து காப்பி குடிச்சான். அதுக்கும் போனோம், வேற எங்க போறது?

அவங்க அன்னிக்குப் பார்த்தது கத்திச்சண்டைப் படம்னு நான் உங்கிட்ட போன்ல அடிச்சுச் சொன்னேன், வாஸ்தவம்தான். அத்தை என் மானத்தை வாங்கிட்டா. அது யுத்தம் முடிஞ்சப்புறம் வந்த படமாம், அதுக்கு விசிலடிச்சுத்தான் என்னை வெளிய தள்ளினாங்களாம், தள்ளினவன் மீசை வரைக்கும் சொல்றா. உன் அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல.

இனிமே சொல்றதுதான் விஷயம். நீ எழுதினபடி, படத்துல பாட்டு ஓடுது, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்குறாங்க, திரும்பி வரும்போது நிலா, கண்ணீர், நிலாவுக்கும் கண்ணீர். உன் அண்ணி அதை வாசிச்சப்ப அத்தை ஊசியைச் சட்டையிலயே குத்தி வச்சுட்டு எழுந்து போயிட்டா. சாப்பிடக் கூப்பிட்டோம், வரல. மறுநாள்தான் வாயைத் திறந்தா. அன்னிக்கு அவங்க கையும் பிடிக்கல காலும் பிடிக்கலையாம். குமாஸ்தா பாவம், விட்டுடுவாங்கன்னு மாமா சொன்னாராம். கொன்னது அவன்தான், முழியைப் பார்த்தாலே தெரியலையான்னு இவ கேட்டாளாம். அதுக்கு வழி பூரா சண்டை. அவர் முன்னால விறுவிறுன்னு போக, இவ பின்னால கத்திக்கிட்டே போக, வீட்டுக்கு வந்தும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தாங்களாம். காலையில பட்டாளத்து லாரி கிளம்புறப்ப அவர் தலையை நீட்டி, "கடைசி ரீல் வரட்டும்டி, அப்ப இருக்கு உனக்கு"ன்னாராம். அதுக்கப்புறம் அவர் குரலை அவ கேக்கல, உனக்குத் தெரியும்.

அத்தை சொன்னதை அப்படியே எழுதுறேன். "அவர் கடைசியா எங்கிட்ட போட்டது சண்டை. அதைத் தூக்கிட்டு உன் மக நிலாவைக் கொண்டுவந்து வைக்கிறா. சண்டையை வச்சா எழுதட்டும், இல்லேன்னா என்னை விட்டுடச் சொல்லு." நீ எந்தப் படத்தை வேணாலும் போடு தாயே, அதுக்குக் கடைசி ரீல் மட்டும் இருக்கக் கூடாது.

பாலம் கட்டினப்புறம் அந்தப் படம் முழுசா வந்துச்சு. ஊரே திரண்டு போச்சு, அத்தை மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு மெஷினை மிதிச்சுக்கிட்டிருந்தா. ஏன்க்கா வரலன்னு கேட்டேன். தீர்ப்பு தெரிஞ்சுட்டா அப்புறம் அவர்கிட்ட பேச எனக்கு என்னடா இருக்குன்னா. அன்னிலேர்ந்து இந்த வீட்டுல ஒருத்தர் அந்தப் படத்து முடிவைப் பேசினதில்ல. போன வாரம் உன் அண்ணி போன்ல அந்தப் படத்தைக் கண்டுபிடிச்சுட்டா, நான் போனையே பிடுங்கி அலமாரியில வச்சேன்.

நீ நல்லா இரு, நீடூழி இரு, கண்ணைக் கெடுத்துக்காம எழுது. அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அத்தைக்குத் தனியா ஒரு கடுதாசி போடு, மறக்காதே, அதுல நிலா வேண்டாம்.

இப்படிக்கு, கொட்டகையை விட்டுத் தள்ளப்பட்ட உன் அப்பா.

ஒண்ணு விட்டுட்டேன். பாலம் கட்டினப்புறம் படம் வந்தப்ப நான் போய் முழுசாப் பார்த்தேன். எழுதுறவளுக்கு முடிவு தெரிஞ்சிருக்கணும்ல, அதனால உனக்கு மட்டும் சொல்றேன், அத்தை காதுக்குப் போகக் கூடாது. நீதிபதி கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்து, இரு, அத்தை கூப்பிடுறா, ஊசியில நூல் கோக்கணுமாம், இந்தா வந்துட்டேன்க்கா, நீதிபதி என்ன சொன்னார்னா