கூடை இல்லாத கொடி

இன்று காலை உங்கள் மீனவர் சபைக்காரர் ஒருவர் என் மயிலாப்பூர் தையல் கடைக்கு வந்தார். மாதிரிக்கு ஒரு கொடியை மிஷின் மேல் விரித்தார். மேலே மணல் நிறம், கீழே நீலம், நடுவில் வெள்ளை நங்கூரம். பாலியஸ்டர் வாடை மூக்கில் ஏறியது. "உங்க ஃப்ரண்டு போட்ட கொடிதாம்மா. எல்லா குப்பத்துக்கும் வேணும். நீங்களே தெச்சிக் குடுங்க," என்றார். முடியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே தைத்துக் கொடுப்பார்கள்.

அது நீ போட்ட கொடி இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பல குப்பங்கள் சேர்ந்து ஒரே சபை ஆனபோது கொடி வரைய உன்னைக் கேட்டார்கள். தி. நகரில் விளம்பரம் வரைகிற நம்ம ஊர்ப் பெண் என்று அவர்களுக்குப் பெருமை. சிலுவை வேண்டும் என்றார்கள் சிலர், வேல் வேண்டும் என்றார்கள் சிலர். நீ இரண்டையும் விட்டுவிட்டுக் கூடையை வரைந்தாய். மீன் நிறைந்த வட்டக் கூடை.

துணி நிறம் சொல்ல ஒரு பிடி மணலோடு கடைக்கு வந்தாய். என் மேஜையில் கொட்டி, "இந்தக் கலர்டி" என்றாய். காய்ந்த மணலா ஈர மணலா என்று கேட்டேன். "ஈர மணல். அலை வந்துட்டுப் போன எடம். படகு வந்து நிக்கிறது அங்கதான், எங்கம்மா ஏலம் எடுக்கிறதும் அங்கதான்." தி. நகர் முழுக்க அலைந்து அந்த நிறத்தைக் கண்டுபிடித்தோம். கூடையை நான் துணியில் வெட்டி ஒட்டுத்தையல் போட்டேன். அன்று நீ சிரித்த சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

சபைக் கூட்டத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். தலைவர் கொடியைப் பார்த்துவிட்டு, "கருவாட்டுக் கடை போர்டு மாரி கீதும்மா. நங்கூரம் வை, கெத்தா இருக்கும்," என்றார்.

"கடல்ல புடிச்சா மட்டும் சோறு ஆய்டுமா மாமா? எங்கம்மா தலையில ஏறி அடையாறு போனாத்தான் சோறு. கூடை தூக்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"சபைல பொம்பளைங்க பேசுற வழக்கம் இல்லியேம்மா."

"வரையலாம், பேசக்கூடாதா?"

தலைவர் அடுத்த பேச்சுக்குத் தாவினார். கோடம்பாக்கத்தில் யாரோ கம்ப்யூட்டரில் கூடையை எடுத்துவிட்டு நங்கூரத்தை வைத்தார்கள்.

அதன் பிறகுதான் உனக்குக் காய்ச்சல் விடாமல் வந்தது. ரத்தத்தில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் நீ அதையேதான் கேட்டாய். "கூடைய திரும்ப வச்சாங்களாடி?" நான் தைத்த கொடியை எடுத்துக்கொண்டு மறுபடி தலைவரிடம் போனேன். அவர் தையலைத் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமா கீது. ஆனா எங்க ஊர் விஷயத்துல பாய் வீட்டுப் பொண்ணு நீ எதுக்கும்மா?" என்று திருப்பிக் கொடுத்தார். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. இல்லை என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை.

நீ போன அன்று சபை முழுவதும் உன் வீட்டு வாசலில் நின்றது. இதுவரை எந்தப் பெண்ணுக்கும் செய்யாத மரியாதை என்று தலைவரே சொன்னார். உன் மேல் கொடியைப் போர்த்தினார்கள். நங்கூரம் சரியாக உன் நெஞ்சின் மேல் இருந்தது. எடுத்துவிடலாம் என்று நான் குனிந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்தார். நான் அழுது விழப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு தலைவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கொடியோடுதான் உன்னைப் புதைத்தோம்.

உன் அம்மா இப்போதும் அடையாற்றில் மீன் விற்கிறார். என்னைக் கண்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுவார். ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான். "எம்பொண்ணுக்குக் கொடி போத்துனாங்க கண்ணு. எந்தப் பொம்பளைக்குப் போத்துனாங்க, சொல்லு?"

"ஆமாம்மா," என்கிறேன். அவருக்கு வேறொன்றும் மிச்சமில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்; சொல்லும்போதெல்லாம் உன்னை எதிர்த்துச் சொல்வது போலிருக்கிறது.