நாலாவது அடியில் ஒரு சரிவு

புதன், 7

கச்சான் காற்று. கொடியில் போட்ட சீலை அடுத்த வீட்டு வேலியில். கறுப்புச் சீலை. காகம் என்று நினைத்து அவர்களின் நாய் ஒரே குரைப்பு.

பி.ப. தங்கச்சி வீடு. அவள் மகள் டிலானிக்குச் சனிக்கிழமை கலியாணம். பயத்தம் பணியாரம் சுட்டேன். எண்ணெய் காணாது. கறுப்பு நூலும் வாங்க வேண்டும்.

முன் அறையில் டிலானியும் கூட்டாளிப் பெட்டையளும் போனில் பைலாப் பாட்டுப் போட்டு ஆட்டம் பழகல். நான் குசினியை விட்டு அசையவில்லை. இவர் போய்ப் பத்து மாதம். வருசப் பூசை முடியுமட்டும் கறுப்புத்தான், ஆட்டம் பாட்டு ஆகாது என்று செத்த வீட்டிலேயே மச்சாள் சொல்லிவிட்டா. இவரின் அக்கா. அவ சொன்னால் சொன்னதுதான். ஆனால் கால் தன்பாட்டில் தாளம் போட்டது. அடுப்படியில் யார் பார்க்கிறது.

தண்ணீர் கேட்டார்கள், கொண்டு போனேன். எல்லாப் பெட்டையளும் நாலாவது அடியில் இடப்பக்கம் சரிந்து எழும்புகிறார்கள். காலில் முள் ஏதும் குத்தினதோ என்று டிலானியைக் கேட்டேன்.

"இல்லைப் பெரியம்மா, இதுதான் ஸ்டெப். அம்மாட கலியாண வீடியோவில பெரியப்பா இப்பிடித்தானே ஆடுறார்."

ஸ்டெப்பாம். துறைமுகத்தில் கயிறு அறுந்து அடித்த இவரின் முழங்கால் அது. ஆடும்போது சரிந்துவிடும். விழாமல் இருக்க நான் முழங்கையைத் தாங்குவேன். வீடியோவில் என் கை தெரியாதாக்கும்.

குசினிக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு அழுகை. பணியாரம் கருகிவிட்டது.

வெள்ளி, 9

காற்று இல்லை. புழுக்கம். மாதா கோயிலுக்கு மட்டும் வருகிறேன், மண்டபத்துக்கு வேண்டாம் என்றேன். தங்கச்சி மூஞ்சியை நீட்டிக்கொண்டு போனாள். பிறகு மச்சாள் போன் எடுத்தா. மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாவாம். போச்சு.

வீடு கூட்டும்போது விளக்குமாற்றோடு சரிந்து பார்த்தேன். இவரைப் போல வரவில்லை. எனக்கு இரண்டும் நல்ல கால்.

சனி, 10

பூசை நன்றாக நடந்தது. டிலானி வடிவு. மாப்பிள்ளைக்குக் கோட் கொஞ்சம் இறுக்கம்.

மண்டபத்தில் மச்சாளும் நானும் சுவரோரக் கதிரையில். இரண்டு கறுப்புச் சீலை. சாப்பாடு முடியப் பைலா தொடங்கியது. முதலில் பெட்டையள். பிறகு மாப்பிள்ளையின் மாமாமார், மூத்திரம் பெய்யக் கூடப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய ஒரு கிழவர், சின்னதுகள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகி, மண்டபம் முழுக்க நாலாவது அடியில் சரிகிறது. எழும்புகிறது. சரிகிறது.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பார்த்தால் எழும்பிவிடுவேன் என்று பயம்.

மச்சாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தா. பிறகு மெதுவாக, "உது எங்கட தம்பிட கால் எல்லோ" என்றா.

ஓம் என்றேன். வீடியோக் கதையைச் சொன்னேன். ஏச்சு வரப்போகிறது என்று இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

"அவனே ஆடிக்கொண்டு நிக்கிறான். நீ என்னத்துக்குக் குந்திக்கொண்டு இருக்கிறாய்? எழும்பு."

என் கதிரையை அவவே தள்ளிவிட்டா.

நாலாவது அடி வந்ததும் என் கை பழக்கத்தில் வலப்பக்கம் போனது, தாங்க. அங்கே மச்சாளின் முழங்கை. நல்ல பாரம். இரண்டு பேரும் விழப் பார்த்தோம். சனம் அதையும் ஸ்டெப் என்று நினைத்துக் கைதட்டினது.

ஞாயிறு, 11

திரும்பக் கச்சான். கால் நோவு, இடுப்பு நோவு. மச்சாளுக்கும் அப்படித்தான். கையைக் கோத்துக்கொண்டு பூசைக்குப் போனோம். வாசலில் பாதர், என்ன இரண்டு பேரும் நொண்டுகிறீர்கள் என்று கேட்டார்.

மச்சாள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"இதுதான் ஸ்டெப், பாதர்."