நான் எறிந்த மூன்று தட்டுகள்

அக்கா,

இன்று காலை புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் வேலைக்கு வரும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வயலோரமெங்கும் ஈர மண் மணம். முன்னால் போன ஒரு தாயும் மகளும் நின்று, ஆசையோடு மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன். பிறகு தெரு தெரியாமல் கண் கலங்க, மதகில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன்.

நீங்கள் போய் இது இரண்டாவது மாரி. மண் மணத்தைத் தாங்க எனக்கு இன்னும் ஏலவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறந்தபோதும் இதே மணம்தான் வந்தது.

நீங்கள் ஊர்காவற்றுறைக் கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க இடமிருந்தும், கேட்டு வாங்கிக்கொண்டு தீவுக்கு வந்தீர்கள். நோயாளர் வாட்டில் எனக்கு நீங்கள் "டொக்டர்". மத்தியானம் என் ஆய்வுகூடத்து மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது "அக்கா". உங்கள் பார்சலில் எப்போதும் மீன். வெள்ளிக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து மரக்கறி. "உம்மைப் பாக்க வைச்சுக்கொண்டு மீன் தின்ன மனம் வரேல்லை" என்பீர்கள்.

அந்த நாட்களில் மாரி பிறந்தால் ஒரு காய்ச்சலும் வரும். சனம் மாரிக்காய்ச்சல் என்றுதான் அதைச் சொல்லும். வயலில் நின்றவர்களுக்கு, கிணறு இறைத்தவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தக்காரருக்கு. நடுக்கம், இருமல், சிலருக்கு உடம்பில் கட்டி. நியூமோனியா என்போம், காசநோய் என்போம், ஊர்ப்பேச்சில் கசம். ஒரு மருந்துக்கும் அடங்காமல் இரண்டு கிழமைக்குள் ஆள் முடிந்துவிடும். இறப்புப் பத்திரத்தில் ஏதோ ஒரு பெயர் எழுதப்படும். அந்தப் பெயர்களை நீங்கள் நம்பவில்லை. "எல்லாரும் ஒரே மாதிரித்தான் சாகினம். வியாதி மட்டும் வேற வேறையோ?" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டீர்கள்.

அடுத்த மாரியில் உங்கள் தம்பிக்கு வந்தது.

கடலுக்குப் போகிறவருக்கு வயற்காய்ச்சல் வருமென்று யார் நினைத்தார்கள்? வெள்ளம் புகுந்த கிணற்றை இறங்கித் துப்புரவாக்கியிருக்கிறார். சீனி வருத்தமும் இருந்தது. தொடையில் கட்டி, நெஞ்சில் சளி. நீங்கள் சளியைச் சோதித்தீர்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்தீர்கள், கசத்துக்கு மருந்து தொடங்கினீர்கள். கட்டியில் எடுத்த சீழ் என்னிடம் வந்தது. மூன்றாம் நாள் தட்டில் ஏதோ வளர்ந்திருந்தது. காய்ந்த பாலாடை போலச் சுருங்கிய, நிறமில்லாத புள்ளிகள். மூடியைத் திறந்தேன், மண் மணத்தது. அதே மாதிரி இரண்டு தட்டுகளை அந்த மாரியிலேயே கண்டிருந்தேன். ஒன்று காரைநகரில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவருடையது, மற்றது நெடுந்தீவில் இருந்து படகில் கொண்டுவந்த ஒரு கிழவருடையது. யன்னல் வழியாகத் தூசு விழுந்து வளர்ந்த வெளிக்கிருமி என்று அப்போது முடிவு கட்டியிருந்தேன். எங்களுக்குப் படிப்பித்ததும் அப்படித்தான். மூன்றாவதையும் எறிந்தேன். "வெளிக்கிருமி, நோய்க்கிருமி இல்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

நான் எறிந்தபோது உங்கள் தம்பி உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் ஆறு நாள் இருந்தார்.

செத்தவீட்டுக்கு வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "எல்லாம் செய்து பாத்தனாங்கள், என்னடியப்பா" என்று அழுதீர்கள். நானும் அழுதேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது.

அதற்கடுத்த மாரியில் மடத்துவெளியில் இருந்து ஒரு பெண் வந்தாள். வெங்காயத் தறையில் பாத்தி கட்டி நின்றவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய இரத்தத்தை நீங்களே கொண்டுவந்து தந்தீர்கள். "இந்த முறை நாலு நாள் வைச்சிரும். என்ன வளர்ந்தாலும் எறியாதையும், எனக்குக் காட்டும்." நாலாம் நாள் தட்டை எடுத்தேன். அதே சுருக்கம். அதே மணம். கதிரையில் இருந்து எழும்ப எனக்கு நெடுநேரம் பிடித்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். எறிந்தது என் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் சொல்லாவிட்டால் இதுவும் தூசாகிப் போகும், அவளும் போய்விடுவாள். உங்களைக் கூப்பிட்டேன்.

"டொக்டர், இது வெளியில இருந்து விழுந்தது இல்லை."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"முந்தியும் கண்டனான். எறிஞ்சுபோட்டன்."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

"ஆர் ஆர்?"

இரண்டு பெயரைச் சொன்னேன். மூன்றாவது வாயில் வரவில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"தம்பியோ?"

"ஓம்."

தட்டை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். உங்கள் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூடிப் பத்திரமா வையும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே வாட்டுக்குப் போனீர்கள். அந்தப் பெண்ணின் மருந்தை அந்த நிமிடமே மாற்றியதாகத் தாதி பிறகு சொன்னாள். பத்தாம் நாள் அவள் எழும்பி நடந்தாள். தட்டைக் கண்ட அன்று நீங்கள் எவர் முன்னாலும் அழவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் இருந்து வந்தபோது கண் சிவந்திருந்தது என்று மட்டும் தாதி சொன்னாள்.

அன்றோடு சோற்றுப் பார்சல் என் மேசைக்கு வரவில்லை. வேண்டியதைத் துண்டில் எழுதி அனுப்பினீர்கள். ஆனால் வேலை நிற்கவில்லை. இருவரும் புங்குடுதீவு வயல்களிலும் நெடுந்தீவுக் கிணற்றடிகளிலும் மண் எடுத்தோம். படகில் நீங்கள் ஒரு தலைப்பில், நான் மறு தலைப்பில். "போத்திலிலை இடம் எழுதினீரோ?" "ஓம் டொக்டர்." இரண்டு மணித்தியாலப் பயணத்தில் அவ்வளவுதான் கதை. எடுத்த மண்ணிலும் அதே கிருமி வளர்ந்தது.

நகரத்தில் வைத்தியர்களின் கூட்டத்தில் நீங்கள் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் சிரித்தார். "தீவு ஆஸ்பத்திரி லாப்பிலை தட்டைத் துப்பரவா வைக்கவே தெரியாது. அதிலை வளர்ந்ததை நம்பேலுமோ?" கடைசி வரிசையில் இருந்த நான் குனிந்துகொண்டேன். நீங்கள் குரலை உயர்த்தாமல் மறுமொழி சொன்னீர்கள். "அந்த லாப்பிலை மூண்டு தரம் பிழை நடந்தது உண்மை. பிழை விட்ட ஆளே வந்து சொன்னபடியாத்தான் இதைக் கண்டனாங்கள். அந்த மூண்டிலை ஒண்டு என்ர தம்பி."

கொழும்புக்கு அனுப்பிய தட்டுகளுக்கு மறுமொழி வந்தது. வேறு நாடுகளில் முன்னரே அறிந்த கிருமிதான். ஆனால் எங்கள் மாரிக்காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்று கண்டது நீங்கள். கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. கடதாசியைப் பிடித்துக்கொண்டு உங்கள் அறைவாசலில் நின்றேன். "என்ர பேரை ஏன் போட்டனீங்கள்?" நீங்கள் நிமிரவில்லை. "மூண்டு பேரிலை கண்டது நீர். நான் ஒராளிலைதானே கண்டனான்." அடுத்த நாள் மத்தியானம் பார்சலோடு வந்தீர்கள். வெள்ளிக்கிழமை. நான் அழுதபடி சாப்பிட்டேன். நீங்கள் யன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டீர்கள்.

அதன் பிறகு எங்கெங்கிருந்தோ உங்களைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தும் கேட்டார்கள். போய்ப் பேசிவிட்டு அடுத்த கிழமையே வாட்டுக்கு வந்து நின்றீர்கள். மாரி பிறக்க முன் கமக்காரர் சங்கங்களுக்குப் போய், சப்பாத்தில்லாமல் சேற்றில் இறங்க வேண்டாமென்று மன்றாடினீர்கள். சாவு குறைந்தது. பிறகு உங்கள் கணையத்தில் புற்று வந்தது. அதற்குத் தட்டும் இல்லை, மருந்தும் இல்லை.

கடைசியாகக் கண்ட பின்னேரம், கட்டிலில் இடம் விட்டு விலகிப் படுத்தீர்கள். மெலிந்து ஒடுங்கிய அந்த உடம்புக்கு விலகத் தேவையே இருக்கவில்லை.

"இஞ்சை வாரும், இதிலை இரும். ஒரு மாரி முழுக்க உம்மோட நான் கதைக்கேல்லை, என்ன?"

"அதை விடுங்கோ அக்கா."

"உம்மிலை கோவமெண்டு நினைச்சீர். எனக்கு என்னிலைதான் கோவம். அவனுக்குக் கசமெண்டு எழுதினது நான். உம்மட முடிவு வர முந்தியே எழுதிப்போட்டன். நீர் அந்தத் தட்டைக் கொண்டந்து காட்டியிருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டன்."

களைத்துக் கண்ணை மூடினீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் அக்கா. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தத் தட்டைக் காட்டினாலும், எவ்வளவு வேலை கிடந்தாலும், வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள் நீங்கள். சாகிற நேரத்தில் என் பாரத்தை வாங்கிக்கொள்ள அந்தப் பொய்யைச் சொன்னீர்களா, உண்மையாகவே அப்படி நம்பினீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய்யென்றால் அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தவள் நான். நம்பினீர்கள் என்றால் அந்தப் பாரத்தோடு உங்களைப் போகவிட்டவளும் நான். இரண்டையும் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு நாளும் ஆய்வுகூடத்துக் கதவைத் திறக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன கிழமை என் ஆய்வுகூடத்து யன்னலடிக்கு ஒரு மனிசி வந்தாள். கணவருக்கு மாரிக்காய்ச்சல். மூன்றாம் நாளே தட்டில் கண்டு வாட்டுக்குச் சொல்லியிருந்தேன்.

"தங்கச்சி, இந்த வருத்தத்தைக் கண்டுபிடிச்சது இஞ்சத்தை டொக்டர்தானாமே. அவவை ஒருக்காக் காணேலுமோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு நாக்குத் திரும்பவில்லை. "அவ லீவிலை நிக்கிறா" என்றேன்.

"வந்தாச் சொல்லும். ஆறாம் கட்டில்காரற்ரை மனிசி வந்து தேடினவ எண்டு. அவர் இண்டைக்கு எழும்பி இருந்து கஞ்சி குடிச்சவர் எண்டும் சொல்லும். மறந்துபோடாதையும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அக்கா, ஆறாம் கட்டில்காரர் எழும்பி இருந்து கஞ்சி குடித்தார்.