கட்டிலுக்கடியில் ஒரு நுரை ஒயின்

பசுந்தாங்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு உங்கள் மலைத் திராட்சைத் தோட்டத்து முதலாளி குடும்பம் கொடுத்தனுப்பிய நுரை ஒயின் கிடைத்தது. கட்டிலுக்கடியில் படுக்க வைத்திருக்கிறேன்.

நேற்று வார்டு ஆபீஸிலிருந்து வந்து உங்கள் வயதைக் கேட்டார்கள். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்களாம். அத்தை உடனே வந்தவர்களைக் கும்பிட்டு, "அந்தக் குடிகாரன் எப்பவோ ஓடிட்டான் சயா! கண்டா நீங்களே இழுத்துட்டு வாங்க!" என்று ஒப்பாரி வைத்தார். ஒரு சொட்டு குடிக்காத உங்களையா! அவர்கள் போனதும் சிரித்தேன். பிறகுதான் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

அந்த ஒயின் வருஷக்கணக்கில் இருட்டில் கிடந்தால்தான் ருசி வரும், அவசரப்பட்டு எடுக்கக்கூடாது என்பீர்களே. மலையில் குளிர் அதிகமாம், ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள்.

பாப்பா சுவரைப் பிடித்து நடக்கிறாள். தாழ்ப்பாள் எட்டும் உயரம் வந்ததும் உங்களுக்குக் கதவை அவளே திறக்கட்டும். பாட்டிலை அன்றைக்குத் திறக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா