உயிரோடிருப்பவர்களின் பக்கம்

குளிர் தொடங்கிவிட்டது. இன்று காலை தடித்த கோட்டை வெளியே எடுத்தபோது அதிலிருந்து தேன்மெழுகு மணத்தது. அதை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ இல்லாமல் வரும் முதல் குளிர் இது.

போன குளிருக்கு, இதே கோட்டோடு, நமது பங்குக் கோயிலிலிருந்து ருமேனியாவுக்கு யாத்திரை போனோமே, வெளிச்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பழைய ஓர்த்தடொக்ஸ் மடங்களைப் பார்க்க. உன்னை வற்புறுத்திக் கூட்டிப்போனவள் நான்தான். மூன்றாவது மடத்தில், இறுதித் தீர்ப்பு வரைந்த நீலச் சுவருக்கு முன்னால் நீ நின்றுவிட்டாய். வானதூதர் எக்காளம் ஊத, விலங்குகளும் மீன்களும் தாங்கள் விழுங்கிய மனிதரின் கைகால்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தன.

"இஞ்சை பாரடி, கடலும் திருப்பிக் குடுக்குது" என்றாய்.

சண்டைக் காலத்தில், பேசாலைக் கரையில் உன் கணவரைப் படகேற்றிவிட்டவள் நீ. பின்னால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாய். படகு இராமேஸ்வரம் போய்ச் சேரவில்லை. ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. லண்டன் குரோய்டனில் உனக்கு அகதிப் படிவம் நிரப்ப வந்த நான், "விதவை எண்டு போடட்டே?" என்று கேட்டேன். "ஆர் கண்டது?" என்றாய். மணமானவர் என்றே நிரப்பினேன்.

மடத்துக் கோயில் வாசலில் மணல் நிரப்பிய இரண்டு தகரத் தட்டுகள் இருந்தன. ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, மற்றது இறந்தவர்களுக்கு என்றாள் வழிகாட்டிப் பெண். நீ ஒரேயொரு மெழுகுதிரி வாங்கியிருந்தாய். அதைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றாய். மெழுகு உருகி உன் விரலில் வழிந்தது. மற்ற எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

"எடி, அவருக்கு எந்தப் பக்கம்?"

இத்தனை வருடம் நீ காத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து நான்தான் களைத்துப்போயிருந்தேன். உன் கையிலிருந்து திரியை வாங்கி, இறந்தவர்களின் தட்டில் குத்தினேன்.

"வைச்சிட்டாய்" என்றுவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தாய்.

மறுநாள் காலை உன் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. மனம் ஆறத் தொடங்கிவிட்டது, நல்லதுதான் செய்தேன் என்று நினைத்தேன். ஆனால் லண்டனுக்குத் திரும்பியபின் நீ பூசைக்கு வரவில்லை. போன் எடுத்தால் ஓம், இல்லை என்பதோடு சரி. தவக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தாய்.

"அவர் நனைஞ்சுபோய் வந்து நிக்கிறார். உள்ளை விடவோ, வேண்டாமோ? நீ சொல்லு."

நான் போர்வையை உன் தோள்வரை இழுத்துவிட்டேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இப்போது அவர் என்னிடம் வருகிறார். மழை பெய்யும் பின்னேரங்களில் வாசலில் யாரோ நிற்பதுபோல இருக்கும். தெருவில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் எழுந்து போய்த் திறக்கிறேன்.

போன ஞாயிறு, இறந்தோரின் பெயர்களை எழுதக் கோயிலில் கொப்பி வைத்திருந்தார்கள். உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், "அவவின்ரை மனுசன்ரை பேரையும் போடுங்கோவன்" என்றார்.

"அவர் இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது, அக்கா" என்று பேனையை அவரிடமே கொடுத்தேன். அந்த மடத்துக் கோயில் வாசலில் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.